கதிரும் கதவும்: கேள்வி பல, பதில் பெரும்பாலும் ஈரம்

ஒரே மூச்சில் ஏழு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இறுக மூடிவைத்த டப்பாவுக்குள் வண்டு எப்படி வந்தது, நூறு கிலோ ஈர நெல்லைக் காயவைத்தால் எடைக் கணக்கு ஏன் உதைக்கிறது, தீட்டாத அரிசி ஏன் சீக்கிரம் வாடை அடிக்கிறது, எடுத்துவைத்த விதையில் பாதிகூட ஏன் முளைக்கவில்லை, பொரிக்கிற சோளத்தில் சில மட்டும் ஏன் கல்லாக அடியில் தங்குகின்றன. கடைசியில், இதோடு சம்பந்தமில்லை மன்னிக்கவும் என்று சொல்லி, மழைக்காலத்தில் கதவு ஏன் இறுகுகிறது, வாங்கும்போது நேராக இருந்த பலகை ஏன் வளைந்தது என்று இரண்டு மரக் கேள்வி.

மன்னிப்பெல்லாம் வேண்டாம், சம்பந்தம் இருக்கிறது. நான் பல வருடம் தானியக் கிடங்கில் இருந்தவன், ஓய்வு நேரத்தில் இழைப்புளி பிடிப்பவன். இரண்டு இடத்திலும் என் கையில் அதிகம் இருந்தது ஈரமானிதான். தானியத்துக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று.

ஏன் இப்படி என்றால், மாவுச்சத்தும் மரத்தின் செல்லுலோசும் ஒரே குளுக்கோசைக் கோத்துக் கோத்துச் செய்தவை. கோத்த விதம்தான் வேறு. ஒன்றை நம் வயிறு செரிக்கும், இன்னொன்றைச் செரிக்காது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே குணம், காற்றில் ஈரம் கூடினால் இழுத்துக்கொள்ளும், குறைந்தால் விட்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கும் அறையில் கோதுமையைப் பரப்பி வைத்தால் அது ஏறக்குறைய 14 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும், அதே அறையில் ஒரு பலகை ஏறக்குறைய 13-ல் நிற்கும். இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

சரி, முதலில் எடைக் கணக்கு, ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 20 சதவீத ஈரமுள்ள நெல் 100 கிலோ இருக்கிறது, 14 சதவீதத்துக்குக் காயவைக்கிறீர்கள், 6 கிலோதான் குறைய வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை. 100 கிலோவில் தண்ணீர் 20, மீதி 80 கிலோ காய்ந்த சரக்கு. காயும்போது அந்த 80 மாறாது. காய்ந்து முடிந்ததும் அந்த 80 கிலோ மொத்தத்தில் 86 சதவீதமாக இருக்கவேண்டும், அப்படியென்றால் மொத்தம் 80-ஐ 0.86-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 93 கிலோ. குறைந்தது 7. சாக்கைத் திருடியது யாருமில்லை, சதவீதம் என்பது ஈர எடையை வைத்துப் போடும் கணக்கு என்பதை மறந்ததுதான் தவறு.

ஈரமானி இல்லாவிட்டால்? பல்லில் கடித்துப் பார்ப்பது உலகம் பூராவும் உள்ள வழி, காய்ந்த மணி 'டக்'கென்று உடையும், ஈர மணி பல்லுக்கு அடியில் நசுங்கும். பழக்கப்பட்ட வாய்க்கு அது போதும், மற்றவர்களுக்கு உப்புச் சோதனை சொல்வேன். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால்வாசிக்குத் தானியம் போட்டு, கட்டியில்லாத காய்ந்த தூள் உப்பு ஒரு கரண்டி சேர்த்து, ஒரு நிமிடம் குலுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மூட்டை கட்டாதீர்கள். ஒட்டாமல் கீழே விழுந்தால் 15-க்குக் கீழ் இருக்கலாம். சரியான எண் தெரியாது, ஆனால் 'இன்னும் ஒரு நாள் காயட்டும்' என்று முடிவெடுக்க இது போதுமானது.

அதற்காகக் கொளுத்தும் வெயிலில் ஒரே நாளில் சுட்டெடுத்துவிடவும் கூடாது. மணியின் வெளிப்புறம் காய்ந்து சுருங்கும், உட்புறம் இன்னும் ஈரமாக உப்பியிருக்கும், அந்த இழுபறியில் மணிக்குள் மயிரிழை வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாது. அரவை மில்லுக்குப் போனபிறகுதான் பாதிக்குப் பாதி நொய்யாக வந்து நிற்கும், பழி மில்காரர் மேல் விழும். காய்ந்த நெல் மழையில் நனைந்து மறுபடி காய்ந்தாலும் இதே கதைதான். மெல்லப் பரப்பி, கிளறிவிட்டு, நடுநடுவே நிழலில் ஆறவிட்டுக் காயவைப்பதற்குப் பொறுமை வேண்டும். (இந்த வெடிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பலகையிலும் இதேதான் நடந்திருக்கிறது.)

இவ்வளவு ஏன் ஈரத்துக்குப் பயப்படுகிறோம்? ஏனென்றால் தானியம் மூச்சுவிடுகிறது. சாக்கில் கிடப்பது சரக்கு என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அவை உயிரோடு உறங்கும் கனிகள். ஆமாம், கனிகள்தான். நெல், கோதுமை, சோளம் எல்லாவற்றிலும் விதையுறையும் கனியின் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன, அதனால் தாவரவியல்படி ஒவ்வொரு மணியும் ஒரு முழுக் கனி. அது ஆக்சிஜனை எடுத்து, தன் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, கரியமில வாயுவையும் தண்ணீரையும் சூட்டையும் வெளியே விடுகிறது. காய்ந்த மணியில் இது மிக மிக மெல்ல நடக்கும். ஈர மணியில் வேகம் பிடிக்கும், வெளிவரும் தண்ணீர் பக்கத்து மணியை நனைக்கும், சூடு பூஞ்சையை எழுப்பும், பூஞ்சையும் மூச்சுவிட்டு இன்னும் சூடேற்றும். குவியலின் நடுவில் ஒரே ஒரு ஈரத் திட்டு இருந்தால் போதும். நான் ஒரு தடவை குவியலுக்குள் கம்பியைச் செருகி, ஐந்து நிமிடம் விட்டு இழுத்துத் தொட்டுப் பார்த்தபோது கையில் பிடிக்க முடியவில்லை, மேலே பார்த்தால் தங்கம் மாதிரி சுத்தமான தானியம். அந்தக் குவியலை முந்தின நாளே கிளறியிருக்கவேண்டியது நான்தான்.

பூஞ்சை பிடித்ததைக் கழுவி, வேகவைத்துச் சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, தேடிப் பார்த்தால் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை. அதிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. மக்காச்சோளத்திலும் அதே பூஞ்சை வளரும். பூஞ்சை வெந்து சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டுக்கு அழியாது. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். மக்கல் வாடை வந்த தானியத்தைக் கோழிக்குப் போடலாம் என்பதும் தப்பு, செத்ததே வான்கோழிதான்.

மூச்சுவிடுவதால் இன்னொரு ஆபத்து, இதை மட்டும் யாராவது ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மூடிய தானியக் குழிக்குள்ளோ உயரமான கொள்கலத்துக்குள்ளோ தனியாக இறங்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோய்க் கரியமில வாயு நிறைந்திருக்கும். அடியில் தானியம் இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், நிற்கிற மனிதனைச் சில விநாடிகளில் இடுப்புவரை இழுத்துவிடும், அதற்குமேல் ஒரு ஆள் கைகொடுத்துத் தூக்கவே முடியாது. காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன சம்பவங்கள் நிறைய.

இப்போது வண்டு. டப்பா இறுக மூடித்தான் இருந்தது, நான் நம்புகிறேன். அது வெளியிலிருந்து வரவில்லை, தானியத்தோடேயே வந்தது. மூக்கு நீண்ட அந்தச் சின்ன அரிசி வண்டைப் பார்த்திருப்பீர்கள். பெண் வண்டு மூக்கால் மணியில் துளைபோட்டு, ஒரு முட்டையை உள்ளே வைத்து, பசைபோல ஒன்றைச் சுரந்து துளையை அடைத்துவிடும். பார்த்தால் முழு மணி மாதிரியேதான் இருக்கும். புழு உள்ளேயே பிறந்து, உள்ளிருக்கும் மாவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சூடான பருவத்தில் ஒரு மாதத்துக்குள் வண்டாக ஓட்டை போட்டு வெளியே வரும். ஆக நீங்கள் வாங்கிவந்த அன்றைக்கே உள்ளே இருந்தது, டப்பாவைத் திறந்தது முப்பதாம் நாள். நூல் கட்டிக் கட்டியாக ஒட்டவைத்திருந்தால் அது வண்டில்லை, அந்துப்பூச்சியின் புழு, அதற்கும் மருந்து ஒன்றுதான்.

மருந்து குளிர். உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் தீர்ந்தது. எடுத்ததும் ஆசையாகப் பையைத் திறந்துவிடாதீர்கள், குளிர்ந்த தானியத்தின்மேல் அறைக்காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும், வண்டை விரட்டிப் பூஞ்சையை அழைத்த மாதிரி ஆகும். மூடியபடியே ஒரு நாள் வெளியில் வைத்து, சூடு சமமான பிறகு திறக்கலாம். வாசனை இலைகள் போடுவது பற்றி என் அபிப்பிராயம்: வெளியே இருக்கும் பூச்சி முகம் சுளிக்கலாம், மணிக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புழுவுக்கு அது தெரியவே தெரியாது. நிறையத் தானியம் என்றால் காற்றுப் புகாத கொள்கலத்தில் நிரப்பி மூடிவிடுவது நல்லது, உள்ளே உள்ள பூச்சிகளே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துத் தாமே செத்துப்போகும். ஆனால் நன்றாகக் காய்ந்த தானியத்துக்கு மட்டும்தான் இது. ஈரத்தோடு மூடினால் ஊறுகாய் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்டாத அரிசி கெடுவதும் ஈரத்தில் அடங்காத கேள்வி, அங்கே எண்ணெய் குற்றவாளி. மணியின் மேல் தவிடு, ஓரத்தில் முளை, மீதியெல்லாம் மாவு. எண்ணெய் இருப்பது தவிட்டிலும் முளையிலும்தான். நெல்லாக இருக்கும்வரை எண்ணெய் ஒரு அறையில், அதைச் சிதைக்கும் நொதி இன்னொரு அறையில். உமியை உரிக்கும்போது தவிடு கீறுப்பட்டு இரண்டும் கலந்துவிடும், அந்த நிமிடத்திலிருந்தே காறல் ஆரம்பம். அறைச் சூட்டில் ஆறு மாதம் தாங்கினால் அதிகம், குளிரில் வைத்தால் இன்னும் தாங்கும். பட்டை தீட்டிய வெள்ளை அரிசியில் எண்ணெயே கிட்டத்தட்ட இல்லை, வருடக்கணக்கில் இருக்கும். அதற்குக் கொடுத்த விலை வேறு. 1890 வாக்கில் ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், கால் மரத்துத் தளர்ந்துபோகும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார், அவர் வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழ ஆரம்பித்தன, கொஞ்ச நாளில் தாமே தேறின. விசாரித்தால், இடையில் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோறு போயிருக்கிறது, புதிதாக வந்த சமையல்காரர் ராணுவத்துச் சோறு சிவிலியன் கோழிக்கு எதற்கு என்று நிறுத்தியிருக்கிறார். தவிட்டோடு போன சத்து பி1 வைட்டமின் என்பது பிறகுதான் தெளிவானது, ஐக்மனுக்கு 1929-ல் நோபல் கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவித்து அப்புறம் அரைத்தால் அந்தச் சத்தில் ஒரு பங்கு மணிக்குள் இறங்கித் தங்கிவிடும், மணியும் கெட்டிப்பட்டு உடையாமல் வரும். வெயிலில் விழுந்த வெடிப்பைக்கூட அவியல் ஒட்டவைத்துவிடும்.

விதை முளைக்காததற்கு வருவோம். விதை சேமிப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: விதையின் ஈரத்தில் 1 சதவீதம் குறைத்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் சூட்டில் 5 டிகிரி செல்சியஸ் குறைத்தால் இன்னொரு இரட்டிப்பு. ஹாரிங்டன் விதி என்பார்கள், ஈரம் 5-லிருந்து 14 சதவீதத்துக்குள் இருந்தால் சுமாராகப் பொருந்தும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், 10 சதவீதத்தில் வைக்கவேண்டிய விதையை 14-ல் வைத்தால் ஆயுள் பதினாறில் ஒரு பங்கு. தின்பதற்கு 14 பரவாயில்லை, விதைக்கு அது போதாது. அநேகமாக நீங்கள் உணவுத் தானியத்துக்குக் காயவைத்த மாதிரியே விதையையும் காயவைத்து, சமையலறைச் சூட்டில் வைத்திருப்பீர்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2008-ல் திறந்த உலக விதைக் காப்பகத்தில் மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்கள், அதுவும் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத உறையில். எகிப்துக் கல்லறையில் கிடைத்த கோதுமை முளைத்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சோதித்தபோதெல்லாம் அது முளைத்ததில்லை, கரியாகிப்போன கருவிலிருந்து பயிர் வராது.

பொரியாத சோளம் சின்ன விஷயம். பொரி சோளத்தின் தோல் கெட்டியானது, உள்ளே சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும். 180 டிகிரிக்குப் பக்கத்தில் அந்த நீராவி தோலைக் கிழித்துக்கொண்டு வரும்போது குழைந்த மாவு நுரையாக விரிந்து அப்படியே இறுகும். ஈரம் குறைந்தாலோ தோலில் கீறல் இருந்து ஆவி கசிந்தாலோ கல்தான். கீறலுக்கு வழியில்லை. காய்ந்துபோன சோளமாக இருந்தால் ஒரு பாட்டிலில் போட்டு, ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, நடுநடுவே குலுக்கி மூன்று நான்கு நாள் விட்டுப் பாருங்கள்.

ரொம்பக் காய்ந்தாலும் ஒரு வம்பு உண்டு என்று சொல்லிவிட்டு மரத்துக்குப் போகிறேன். காய்ந்த மாவுத் தூசி காற்றில் மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 1878-ல் அமெரிக்காவின் மினியாபொலிசில் வாஷ்பர்ன் மாவு மில் அப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள். மரத்தூளும் இதற்குச் சளைத்ததல்ல, இழைக்கும் அறையைப் பெருக்கி வையுங்கள்.

மரத்தை ஒரு கட்டு வைக்கோல் குழாய்களாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழாயும் அடிமரத்திலிருந்து நுனிக்கு ஓடுகின்றன, மரம் நீளவாக்கில் சுலபமாகப் பிளப்பதும் குறுக்கே வெட்ட ரம்பம் கேட்பதும் அதனால்தான். ஈரம் சேர்வது குழாயின் சுவரில், சுவர் பக்கவாட்டில் தடிக்கும், நீளாது. பச்சை மரத்தில் குழாயின் பொந்துக்குள்ளும் தண்ணீர் நிற்கும், அது வடியும்வரை பலகை அளவு மாறாது. ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான் சுவர் காயத் தொடங்கும், சுருக்கமும் அங்கிருந்துதான். அதிலிருந்து முழுக்கக் காயும்வரை, மரத்துக்கு மரம் மாறினாலும், சராசரியாக ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 8 சதவீதம், நடுமரத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 4, நீளத்தில் 0.1 அல்லது 0.2.

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் இந்த மூன்று எண்ணில் இருக்கிறது. பலகை வளைந்தது 8-க்கும் 4-க்கும் உள்ள சண்டையால். பலகையின் குறுக்கு முனையைப் பாருங்கள், வளையங்கள் வில் மாதிரி தெரியும். காயும்போது அந்த வில் நிமிர முயல்கிறது என்று வைத்துக்கொண்டால் பலகை எந்தப் பக்கம் குழியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை அவ்வளவாக வளையாது, ஆனால் அப்படி அறுத்தால் சேதாரம் அதிகம். முனைகளில் வெடிப்பு இருந்தால் அது நெல்லில் சொன்ன அதே இழுபறி, குழாய் வாய் திறந்திருக்கும் முனை மற்ற பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் காய்ந்துவிடும். அதனால் அறுத்த அன்றைக்கே முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, இடையில் குச்சி வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கவேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, இடத்தைப் பொறுத்துக் கூடும் குறையும்.

கதவு இறுகுவது அதே எண்ணின் மறுபக்கம். 30 செ.மீ. அகலப் பலகை, வளையத்தை ஒட்டிய திசையில் அறுத்தது, காய்ந்த காலத்தில் 8 சதவீத ஈரத்திலிருந்து மழைக்காலத்தில் 14-க்கு ஏறினால் ஏறக்குறைய 5 மி.மீ. அகலும். 2 மீட்டர் நீளம் அதே நேரத்தில் ஒரு மி.மீ.கூட ஏறாது. கதவு பக்கவாட்டில் சிக்குவதும் உயரத்தில் சிக்காததும் அதனால்தான். (உயரத்திலும் சிக்கினால் கீல் தளர்ந்திருக்கிறது, அது வேறு வைத்தியம்.) இதே காரணத்தால்தான் மேசைப்பலகையைக் காலோடு பசைபோட்டு அசையாமல் ஒட்டக் கூடாது, நகர இடம் விட்டுத் திருகவேண்டும். அடக்கி வைத்தால் மரம் அடங்காது, வேறு எங்காவது பிளக்கும். ஒரு காலத்தில் பாறையைப் பிளக்கவே காய்ந்த மர ஆப்பை அடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். தானிய மூட்டை ஏற்றிய கப்பலின் அடியில் தண்ணீர் புகுந்தால் மாலுமிகள் பயந்ததும் இந்தப் பலத்துக்குத்தான்.

கதவை இப்போதே இழைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மழையில் இழைக்காதீர்கள், வெயில் வந்ததும் விரல் நுழையும் சந்து விழும். சிக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காய்ந்த மாதத்தில் பாருங்கள், அப்போதும் உரசினால் கோட்டுக்குள் மட்டும் இழையுங்கள். இழைகள் எந்தப் பக்கம் மேலேறி வருகின்றன என்று பலகையின் ஓரத்தில் பார்த்து, அந்தப் போக்கிலேயே இழைப்புளியைத் தள்ளுங்கள், எதிர்வாக்கில் தள்ளினால் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். முடித்ததும் அன்றே வார்னிஷ் அடித்துவிடுங்கள், கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சேர்த்து. கண்ணில் படாத இடம் என்று எல்லோரும் விட்டுவிடுவது அந்த இரண்டையும்தான், ஈரம் அதிகம் நுழைவதும் அங்கேதான். கீழ் விளிம்புக்குக் கதவைக் கழற்ற வேண்டிவரும், சோம்பல்படாமல் கழற்றுங்கள்.